இடப்பக்கக் கண்ணாடி

படுக்கையில் யாரோ ஒருவருடைய கை கிடக்கிறது. மறுபடியும் வந்துவிட்டது. காலையில் இதைத்தான் ராக்கினி சிஸ்டரிடம் புகார் சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்காரன் தூக்கத்தில் கையை என் மேல் போட்டுவிடுகிறான், கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்று. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். "அப்படியா அய்யா? அந்தக் கைக்குத் தோள் எங்க இருக்குன்னு தடவிக்கிட்டே போய்ப் பாருங்க" என்றார். நானும் என் வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டு, முழங்கை, அதற்கு மேலே பனியன் ஓரம் என்று ஏறிப் போனேன். போய்ச் சேர்ந்த இடம் என்னுடைய கழுத்து. அதெப்படி? ஒருத்தனுடைய கை இன்னொருத்தனுடைய கழுத்தில் போய் முடியுமா? அப்போது புரிந்தது. புரிந்த மாதிரி இருந்தது. இப்போது மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து போர்வையில் விழுந்திருக்கிற இந்த நேரத்தில் மறுபடியும் புரியவில்லை. கை கனமாக இருக்கிறது. சில்லென்றுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. வயலில் சேறு காய்ந்து கிடக்கிற மாதிரி கிடக்கிறது. ஆனால் மோதிர விரலில் என் மோதிரம் போட்டிருக்கிறான், திருட்டுப் பயல். மோதிரத்தைத் திருகிப் பார்க்கிறேன், அந்த விரலுக்கு வலிக்குமா என்று. எனக்கு வலிக்கவில்லை. அப்படியானால் யாருக்கு வலிக்கும்? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வேண்டும். மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்கு இறக்கி அதில்தான் கஞ்சியும் தண்ணீரும் ஊற்றுகிறார்கள். வயிறு நிறைகிறது, நாக்குக்குச் சேதியே வருவதில்லை. டீசல் போட்டுக்கொண்டு நிற்கிற வண்டிக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன், சிரிப்பு முகத்தில் ஒரு பக்கம்தான் போனது என்று எனக்கே தெரிந்தது.

டாக்டர் நல்ல மனுஷர், சின்ன வயசு. பக்கவாதம் என்றார், மூளையின் வலப்பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டது, அதனால் இடப்பக்கம் போயிருக்கிறது என்றார். வலப்பக்கம் அடைத்தால் இடப்பக்கம் ஏன் போக வேண்டும், வயரிங்கை யார் இப்படி மாற்றிப் போட்டது என்று கேட்டேன். அது பிறவியிலேயே அப்படித்தான் என்றார். அதற்கும் மேலே ஒன்று சொன்னார் பாருங்கள், அதைத்தான் நாள் பூராவும் அரைத்துக்கொண்டு கிடக்கிறேன். கண் நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனால் இடது பக்கம் என்று ஒரு பக்கம் இருக்கிறது என்பதையே மூளை மறந்துவிட்டதாம். இருக்கலாம். ஆனால் பாருங்கள், எனக்கு எதுவும் குறைந்த மாதிரித் தெரியவில்லை. கறுப்பாக இருந்தால் சரி, இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்று சொல்லலாம். மூடிய கதவு இருந்தால் தட்டலாம். இங்கே கதவே இல்லை. வார்டு முழுசாக இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, எதிர்ப் படுக்கையில் இருமிக்கொண்டிருக்கிற பெரியவர் இருக்கிறார், உலகம் அங்கே ஆரம்பித்து இங்கே முடிகிறது, நடுவில் ஓட்டை ஒன்றும் இல்லை. காணாமல் போனது என்று தெரிந்தால்தானே தேடுவேன்? சிஸ்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன், வட்டமாக, அழகாக. பன்னிரண்டு எண்ணையும் போட்டேன். கொஞ்சம் நெருக்கடியாக இருந்தது, பண்டிகைக் கால வண்டியில் ஆள் ஏற்றுகிற மாதிரி எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். அவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லா நம்பரும் ஒரே பக்கமா உக்காந்திருக்கே, வண்டி சாயாதா அய்யா?" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். கேள்வியைக் கேட்டுவிட்டு எனக்கே பயமாக இருந்தது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறி இறங்கிய பஸ் டிரைவர் நான். இறக்கத்தில் இடது சக்கரம் விளிம்பை எவ்வளவு ஒட்டிப் போகிறது என்று கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லுவேன். இடது பக்கம்தான் பஸ்ஸுக்கு உயிர். ஏறுகிறவன், இறங்குகிறவன், படியில் தொங்குகிறவன், முந்தானை கதவில் மாட்டிக்கொண்ட கிழவி எல்லாரும் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருப்பார்கள். அந்தக் கண்ணாடியையா நான் கழற்றிப் போட்டுவிட்டேன்?

இந்த ராக்கினி சிஸ்டரிடம் ஒரு கெட்ட பழக்கம். முழுப் பேர் ஜெயராக்கினி, திண்டுக்கல் பக்கத்துப் பெண். பேசும்போது பெரும்பாலும் ஆளைக் காட்டுவதில்லை. குரல் மட்டும் வரும். மற்ற எல்லாரும் மரியாதையாக என் முன்னால் வந்து நிற்கிறார்கள், டாக்டர், துப்புரவு செய்கிற அம்மா, என் மகன் பாண்டீஸ்வரன் எல்லாரும். இவர் மட்டும் எங்கேயோ நின்றுகொண்டு, "டிரைவர் அய்யா, நான் எங்க இருக்கேன், கண்டுபிடிங்க" என்பார். கண்ணாமூச்சி விளையாடுகிற வயசா எனக்கு? கழுத்தைத் திருப்பினால் முகம் பாதியில் நின்றுவிடும். அதற்கு மேல் போக இடம் இல்லை என்று தோன்றும், சுவரில் போய் முட்டின மாதிரி. அவர் விடமாட்டார். கட்டில் கம்பியில் சிவப்புக் கைக்குட்டை ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறாராம். "சிவப்பு தெரியிற வரைக்கும் திருப்புங்க. அதுதான் உங்க இடப்பக்கக் கண்ணாடி" என்றார். டிரைவருக்கு டிரைவர் பாஷையில் சொல்கிறாராம். நேற்று ஒருமுறை திருப்பித் திருப்பிக் கடைசியில் ஒரு சிவப்பு நுனி தெரிந்தது. இல்லாத இடத்தில் ஒரு இடம் முளைத்தது என்று யாரிடம் சொல்லுவது? ஆச்சரியத்தில் கண்ணை இமைத்தேன், போய்விட்டது. எங்கே போகும்? நான் பார்க்காதபோது அந்தப் பக்கம் என்ன செய்துகொண்டிருக்கும்? அங்கேயும் ஒரு ஜன்னல் இருக்குமா, அதிலும் வெயில் விழுமா, யாராவது உட்கார்ந்திருப்பார்களா என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

என் வீட்டுக்காரி அன்னமயில் வரவில்லை. அதைத்தான் நினைக்கக் கூடாது என்று கையையும் கடிகாரத்தையும் பற்றி நினைத்துக்கொண்டு கிடந்தேன். வரமாட்டாள். சொன்னதைச் செய்கிறவள். நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதை நிறுத்தினேன், சரி, உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்கு மாத்திரை? அதற்காக மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து கொடுப்பாளா ஒருத்தி? தாளித்த மோர், கறிவேப்பிலை மிதக்கிறது, குடித்தால் அடியில் வெள்ளையாக மண்டி. எத்தனை நாளாகவோ, எனக்குத் தெரியாமல். அம்மியில் மிளகு வைத்துப் பொடிக்கிற சத்தம் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய வண்டியை ஓட்டினவனை ஏமாற்றி மருந்து கொடுக்கிறாள், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி. இனி உன் கையால் எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்றேன். அவளும் லேசுப்பட்டவளா? "நல்லது. உங்க வாயில தண்ணி ஊத்தக்கூட நான் வரமாட்டேன்" என்றாள். எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சாகப்போகிறவன் வாயில் கடைசியாக ஊற்றுகிற தண்ணீர். சொன்ன பிறகு அவள் முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. எனக்கு ஹோட்டல் இட்லி. அவள் பாண்டியிடம், அந்த மனுசருக்குக் கரண்ட் பில் வந்திருக்கு என்பாள். நான் பாண்டியிடம், வந்தால் மேசையில் வைக்கச் சொல் என்பேன். மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்போம்.

இந்தத் தைல வாசனை எங்கிருந்து வருகிறது? யூகலிப்டஸ் தைலம். கொடைக்கானலில் இறக்கத்துக்கு வண்டி எடுக்கும் முன்னால் ஒரு பாட்டில் வாங்கி சீட்டுக்கு அடியில் வைப்பேன், அன்னமயில் முழங்காலுக்கு. விரல் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்வாள், வீடே மலையாகிவிடும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற மருந்தில் இதைக் கலக்கிறார்களோ? ஆனால் தரை துடைத்துப் போன பிறகும் இருக்கிறதே. மூளையில் அடைப்பு வந்தால் வாசனைகூடத் தானாக உண்டாகுமா? டாக்டரைக் கேட்க வேண்டும். சிஸ்டரைக் கேட்டேன், தைலம் மணக்கிறதே என்று. "மணக்கும். உங்க வீட்டம்மா இங்கதானே இருக்காக" என்றார். உடனே பார்த்தேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். பெரியவர், ஜன்னல், நடைபாதை, காலி நாற்காலி. அன்னமயில் இல்லை. இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொல்லி நோயாளியைத் தேற்றுவது இவர்கள் வழக்கம் போலிருக்கிறது, நர்ஸ் படிப்பில் அதற்கும் ஒரு பாடம் இருக்கும். "பொய் சொல்லாதீக தாயி" என்றேன். "இந்தப் பக்கம் திரும்பிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை, கோபமாக இருந்தது. பாண்டி வந்தபோதும் அதையே கேட்டேன், உங்க அம்மா வந்தாளா என்று. அவன் என்னையும், என்னைத் தாண்டியும் பார்த்துவிட்டு, "எப்பா, இங்கனதாம்ப்பா இருக்கு" என்றான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு. இவனையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லிப் பழகிவிட்டார்கள் என்றால் அவள் எவ்வளவு தீர்மானமாக மறுத்திருக்க வேண்டும். தலைக்குள் ரத்தம் அடைத்து விழுந்த மனுஷனைப் பார்க்கக்கூட வராத அளவுக்கு ஒரு மோர் விஷயம் பெரியதா? சாவு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதற்கு நான் பயப்படவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், கோபத்தோடு விட்டுவிட்டுப் போவதற்குத்தான் பயமாக இருக்கிறது. இதை இப்படி நேராக எனக்குள்ளே சொல்லிப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. அடைக்கத் தெரிந்த தொண்டைக்கு விழுங்கத் தெரியாதா என்ன?

அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறார்களாம். சிஸ்டர் வந்துவிட்டார், குரலாக. தலைமாட்டை உயர்த்துகிறார்கள், முதுகுக்குத் தலையணை, திருட்டுப் பயலுடைய கைக்குக்கூட ஒரு தலையணை. அந்தக் கையை அவர் எடுக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், தோளில் இழுக்காமல் கீழே ஏந்தித்தான் எடுப்பார், தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி. உணர்ச்சி இல்லாத கைக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று கேட்டதற்கு, "ஒரு நாள் அது முழிச்சிக்கிடும். அப்ப தோள் கழண்டு கிடந்தா என்னைத்தான் திட்டும்" என்றார். ஈரத் துணியால் என் வாயைத் துடைக்கிறார், நாக்கு, பல், கன்னத்தின் உட்புறம் எல்லாம். அந்த ஈரத்தை உறிஞ்சிவிடலாமா என்று இருக்கிறது. முன்பு ஒருமுறை எதிர்ப் படுக்கைப் பெரியவருடைய மருமகன் இரக்கப்பட்டு எனக்கு டம்ளரில் காபி நீட்டினான், ராக்கினி சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து தட்டிவிட்டார். அவனைத் திட்டவில்லை, என்னிடம்தான் சொன்னார். தொண்டையில் இரண்டு பாதை இருக்கிறதாம், ஒன்று வயிற்றுக்கு, ஒன்று மூச்சுக்கு. திருப்பி விடுகிற ஆள் இப்போது தூங்குகிறானாம். காபி நேராக நுரையீரலுக்குப் போனால் காய்ச்சல், சளி, அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். செக்போஸ்ட்டில் ஆள் தூங்கினால் லாரி எந்தப் பக்கமும் போகும், எனக்கா தெரியாது? இன்றைக்கு அந்த ஆள் எழுந்துவிட்டானா பார்ப்போம். ஒரு சிறிய கரண்டி. அதில் தண்ணீர். இத்தனை வயசுக்கு எத்தனை குடம் குடித்திருப்பேன், ஒரு கரண்டித் தண்ணீரை இப்படி உற்றுப் பார்த்ததில்லை. வெயில் அதில் ஆடுகிறது. "தாடையைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. அவசரம் வேணாம். வாயில வச்சு, நெனச்சு, அப்புறம் முழுங்குங்க." அவருடைய விரல் என் குரல்வளையில் மெல்லப் பட்டிருக்கிறது. தண்ணீர் நாக்கில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகப் போயிற்று. வாய்க்குள் அது வலப்பக்கம் ஓடுகிறது, அப்புறம் எங்கேயோ ஒழுகிப் போகிறது, உதட்டோரம் அவர் துடைக்கிறார். விழுங்கு, மொக்கராசு என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். எப்படி விழுங்குவது? பிறந்ததிலிருந்து யோசிக்காமல் செய்ததை யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. கிளட்ச், கியர், விடு. குரல்வளை அவர் விரலுக்கு அடியில் ஏறி இறங்கியது. எல்லாரும் காத்திருக்கிறார்கள், நானும் காத்திருக்கிறேன், இருமல் வருமா என்று. வரவில்லை. "ஆ சொல்லுங்க." ஆ என்றேன். குரலில் தண்ணீர் கொழகொழக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்கிறார். இன்னொரு கரண்டி, இன்னொரு ஆ, அப்புறம் இன்னும் ஒன்று. தாகம் தீரவில்லை, ஆனால் நாக்குக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனிமேல் கஞ்சி, கெட்டியாக, ஒவ்வொரு கரண்டியாக, குழாயை எடுப்பதை டாக்டர் பார்த்துச் சொல்லுவார் என்கிறார் சிஸ்டர். கிண்ணம் வைக்கிற சத்தம் கேட்கிறது. கிண்ணம் எங்கே? வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறேன், ஒன்றும் வரவில்லை. "கரண்டி இந்தப் பக்கம் இருந்துதான் வரும். நேரா வராது. திரும்பி வாங்கிக்கங்க அய்யா." இது அநியாயம் இல்லையா? பசித்தவனைப் பிடித்துக்கொண்டு விளையாட்டு. ஆனாலும் கஞ்சி வாசனை வருகிறது, குருணைக் கஞ்சி, கொஞ்சம் சீரகம். அதோடு தைலமும். கஞ்சிக்குள் யாராவது தைலம் ஊற்றுவார்களா? இரண்டு வாசனையும் ஒரே இடத்திலிருந்து வருகிறது, இல்லாத அந்த இடத்திலிருந்து. அங்கே என்னதான் இருக்கிறது? கழுத்தைத் திருப்புகிறேன். ஜன்னல் போனது. சுவர் வந்தது, இதுதான் முடிவு என்று மூளை சொல்கிறது. இல்லை, இந்த வளைவுக்கு அந்தப்புறம் ரோடு இருக்கிறது, பார்க்காமலே தெரியும், கொண்டை ஊசி வளைவில் எந்த டிரைவரும் கண்ணால் ஓட்டுவதில்லை. இன்னும் திருப்பு. சிவப்பு. கைக்குட்டை முழுசாகத் தெரிகிறது, முடிச்சோடு. விடாதே, அதையும் தாண்டு. தாண்டினால் ஒரு கரண்டி காற்றில் நிற்கிறது. கரண்டியைப் பிடித்த விரல்கள், சிவப்புக் கண்ணாடி வளையல், முன்னங்கையில் வடைச் சட்டி எண்ணெய் தெறித்த தழும்பு. இந்தத் தழும்பை எனக்குத் தெரியும். பாண்டி பிறந்த வருஷத் தீபாவளி. அதற்கு மேலே ஏறிப் போகிறேன், காலையில் அந்தக் கையில் ஏறிப் போனேனே, அதே மாதிரி, முழங்கை, ரவிக்கை, கழுத்து, முகம்.

அன்னமயில் சுவரோரமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. சேலை கசங்கிக் கிடந்தது, எத்தனையோ நாள் அங்கேயே உட்கார்ந்து, அங்கேயே சாய்ந்து தூங்கின கசங்கல். சுவருக்குள் செருகின மாதிரி ஒரு கூடை, அதன் மேல் தைல பாட்டில். பஸ்ஸில் ஆகட்டும், சினிமாக் கொட்டகையில் ஆகட்டும், கல்யாண மணையில் மாற்றி உட்கார வைத்த நாளிலிருந்து என் இடப்பக்கம்தான் அவள் உட்காருவாள், வேறு எங்கே போய் உட்காருவாள்? வந்த முதல் நாளே இங்கேதான் உட்கார்ந்தாளாம். எதிரே வந்து நிற்கலாமா என்று கேட்டதற்கு, நீங்கள் அந்தப் பக்கம் போய்விட்டால் இவர் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டார், இங்கேயே இருந்து கூப்பிடுங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். இருக்கத்தான் செய்தாள். கூப்பிடத்தான் இல்லை. நான் கண் விழித்ததிலிருந்து ஒருமுறைகூடத் தன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை, சாகக் கிடந்தும் கோபம் போகவில்லை என்று நினைத்திருக்கிறாள். மூளை அப்படிச் செய்கிறது என்று சிஸ்டர் விளக்கிய பிறகும், மூளை பாதி, வீம்பு பாதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இதெல்லாம் சிஸ்டர்தான் இப்போது சொல்கிறார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எனக்கு அவர் குரல் எங்கோ கேட்கிறது. நான் இந்த முகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இமைத்தால் போய்விடும் என்று இமைக்காமல் இருக்கிறேன், கண் எரிந்து தண்ணீர் வழிகிறது, அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் போல, அவளுக்கும் வழிகிறது. திருட்டுக் கையைத் தலையணையோடு அவள் மடியில் வைத்திருக்கிறாள். மோதிரம் போட்ட விரலை இத்தனை நாளும் அவள்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத்தான் தகவல் வரவில்லை.

கரண்டி கிட்டே வந்து நின்றது. அன்னமயில் என்னைப் பார்க்காமல் கரண்டியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இதுல மாத்திர பொடிச்சுப் போட்டுருக்கு. சொல்லிட்டுத்தான் குடுக்குறேன்."

வாயைத் திறந்தேன். கஞ்சி நாக்கில் உட்கார்ந்தது. கசப்பு, சீரகம், சூடு. தாடையை இறக்கி, நினைத்து, விழுங்கினேன். இறங்கிவிட்டது. சிஸ்டருடைய விரல் என் தொண்டையை விட்டு எடுக்கப்பட்டது. "ஆ எல்லாம் போதும், இப்ப ஏதாச்சும் பேசுங்க அய்யா, குரல் தெளிவா இருக்கான்னு நான் கேக்கணும்" என்றார். பேச வேண்டுமாம். யாரிடம் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் இப்படிப் பேசியாக வேண்டும் போலிருக்கிறது, இது ஆஸ்பத்திரி முறை, என் இஷ்டம் ஒன்றும் இல்லை. என்ன பேசுவது? பாண்டியை இடையில் வைத்துப் பேசியே பழகிவிட்டது, அவனையும் காணோம். நீ வரமாட்டாய் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். சாப்பிட்டாயா என்று கேட்கலாம், கேட்டால் அழுதுவிடுவாள், நானும் அழுதுவிடுவேன், கஞ்சி தப்பான பாதையில் போய்விடும். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவள் முகம் நழுவப் பார்த்தது, சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அவளிடம் போய்ச் சேர்ந்தேன்.

"உப்பு பத்தல" என்றேன்.

அன்னமயில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பத்தாதுதான். பிரஷர்காரருக்கு அவ்வளவுதான் உப்பு" என்றாள், நேராக என்னைப் பார்த்து, பாண்டியிடம் சொல்லாமல்.

"குரல் சுத்தமா இருக்கு" என்றார் சிஸ்டர். "அடுத்த கரண்டி குடுங்கம்மா."